வாசலுக்கு வெளியே ஒரு செபமாலை

கருக்கலைப்பு என்ற சொல்லை எங்கள் வீடுகளில் சத்தமாகச் சொல்லமாட்டார்கள். குசினிக்குள், அதுவும் ஆண்கள் வெளியே போன பிறகு, குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். அந்தச் சொல்லின் முன்னால், எல்லோரும் பார்க்கத் தெருவோரத்தில் செபமாலையுடன் நின்ற ஒரு பெண்ணைப் பற்றியே இம்முறை எழுத விரும்புகிறேன். அவர் என்னுடைய சித்தி. "பேரை மட்டும் போடாதை, மற்றதெல்லாம் எழுது. ஆருக்காவது பிரயோசனப்படும்" என்று சொல்லியே இந்தக் கதையை எனக்குத் தந்தார். அவரது மகளுக்கும் இப்போது எல்லாம் தெரியும்.

2017ஆம் ஆண்டு மார்ச் மாதம் பயிற்சிநெறி ஒன்றுக்காக லண்டன் சென்றிருந்தேன். சித்தி வீடு சவுத்ஹோலில். அது தவக்காலம். முதல் சனிக்கிழமை விடியற்காலை ஐந்தரை மணிக்கே சித்தி எழும்பித் தேத்தண்ணி போட்டு, இரண்டு சோடி காலுறை போட்டுக்கொண்டு வெளிக்கிட்டார். எங்கே என்று கேட்டேன். "செபத்துக்கு" என்றார். கோயிலுக்குத்தானே என்று நினைத்து நானும் கூடப் போனேன். 207ஆம் இலக்க பஸ்ஸில் ஏறி ஈலிங்கில் இறங்கினோம். அவர் என்னைக் கூட்டிக்கொண்டு போனது கோயிலுக்கு அல்ல. மற்றொக் லேன் என்ற அமைதியான தெருவில், வோல்போல் பூங்காவுக்கு எதிரே உள்ள கருக்கலைப்பு நிலையம் ஒன்றின் முன்னால் போய் நின்றோம்.

சமூகவியல் படித்தவள், பெண்களோடு வேலை செய்பவள் என்ற முறையில் எனக்கு முதலில் வந்தது கோபந்தான். "சித்தி, இது சரியில்லை. உள்ளே போகிற பிள்ளைகள் என்ன மனநிலையில் வருவார்கள்?" என்று கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. "ஒரு மணித்தியாலம் நில்லு மோனை. பிறகு கேள்" என்றார்.

இந்தச் செபம் எங்கிருந்து வந்தது?

கருக்கலைப்பு நிலையங்களின் முன்னால் நின்று செபிக்கும் வழக்கம் கத்தோலிக்கர் மத்தியில் பரவியதற்கு இரண்டு முயற்சிகளைக் குறிப்பிடலாம். முதலாவது, அமெரிக்காவின் நியூயோர்க் நகரில் புரூக்ளின் மறைமாவட்டத்தைச் சேர்ந்த பிலிப் ரைலி என்ற குருவானவர் 1989இல் தொடங்கியது. ஆலயத்தில் திருப்பலி முடிந்ததும் மக்கள் பவனியாக நிலையம் வரை நடந்து சென்று, அங்கே நின்று செபமாலை சொல்லித் திரும்புவார்கள். வாசலை மறிப்பதும் கூச்சலிடுவதும் இதில் இடம்பெறலாகாது என்பது அவரது நிலைப்பாடாக இருந்தது. அக்காலத்தில் அமெரிக்காவில் வேறு சில குழுக்கள் வாசல்களை மறித்து நூற்றுக்கணக்கில் கைதாகிக்கொண்டிருந்தன. அந்த வழியிலிருந்து விலகிய ஒரு வழியாகவே இது அமைந்தது.

இரண்டாவது, 2004இல் ரெக்சஸ் மாநிலத்தின் பிரையன், கொலிஜ் ஸ்ரேசன் என்ற இரட்டை நகரங்களில் தொடங்கிய நாற்பது நாள் செப இயக்கம். ஒரு சிலர் ஒரு மேசையைச் சுற்றியிருந்து ஒரு மணித்தியாலம் செபித்தபோது பிறந்த யோசனை அது. நாற்பது நாட்கள் உபவாசமும் செபமும், நிலையத்தின் முன்னால் இரவு பகல் மாறிமாறி விழித்திருத்தல் என்பன அதன் முறை. 2007இல் அது அமெரிக்காவின் பல நகரங்களில் ஒரே நேரத்தில் நடந்தது. பின்னர் வேறு நாடுகளுக்கும் பரவியது. இப்போது ஆண்டுக்கு இரண்டு தடவை, தவக்காலத்திலும் இலையுதிர் காலத்திலும் நடைபெறுகிறது. பங்குபற்றும் தொண்டர்கள் வன்முறை செய்யமாட்டோம், எவரையும் மறிக்கமாட்டோம் என்று சமாதான உறுதிமொழி ஒன்றில் கையொப்பமிட வேண்டும்.

ஈலிங்கிலும் இவ்வாறான செபம் பல ஆண்டுகளாக நடந்து வந்தது. சித்தி அதில் சேர்ந்தது 2016இன் பிற்பகுதியில்.

பஸ் தரிப்பிடம் வரை

அன்று காலை நாங்கள் ஐந்து பேர் நின்றோம். ஒரு வயோதிப ஐரிஷ் தம்பதியர், ஒரு பிலிப்பைன்ஸ் பெண், சித்தி, நான். குவாடலூப்பே மாதாவின் படம் ஒன்று மதிலோடு சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. கர்ப்பவதியாகச் சித்திரிக்கப்படும் மாதா என்பதால் இவ்வாறான செபங்களில் பெரும்பாலும் அந்தப் படத்தையே வைப்பார்கள். தெருவின் மறுபக்கத்தில் இளஞ்சிவப்பு நிற மேலங்கி அணிந்த சில பெண்கள் நின்றார்கள். உள்ளே செல்லும் பெண்களுக்குத் துணையாக, செபிப்பவர்களுக்கு எதிராக அப்பகுதிப் பெண்கள் அமைத்துக்கொண்ட குழுவினர் அவர்கள்.

சற்று நேரத்தில் ஒரு இளம்பெண் கழுத்துத்துணியால் முகத்தை மறைத்துக்கொண்டு வேகமாக வந்தாள். சித்தி உடனே தலையைக் குனிந்து கண்களை மூடிக்கொண்டார். அவள் உள்ளே போன பிறகுதான் நிமிர்ந்தார்.

"ஏன் சித்தி கண்ணை மூடினீங்கள்?"

"நாங்கள் பாத்தால் அவளுக்குப் பாரம். அவளைப் பாக்கிறவர் மேலை இருக்கிறார். நான் அவரைப் பாத்தால் போதும்."

பத்து மணியளவில் ஒரு பெண் வெளியே வந்தாள். முப்பது வயதிருக்கும். உள்ளே போகும்போது ஐரிஷ் அம்மா நீட்டிய துண்டுப்பிரசுரத்தை வாங்கியவள் அவள்தான். எங்களிடம் வந்து, சவுத்ஹோலுக்குப் போகிற பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டாள். சித்தி செபமாலையைப் பையில் போட்டுக்கொண்டு அவளோடு நடந்தார். இருபது நிமிடம் கழித்துத் திரும்பி வந்தார்.

"என்ன கதைச்சனீங்கள்?"

"பஸ்ஸைப் பற்றித்தான். குளிரைப் பற்றி. காலமை சாப்பிட்டியோ எண்டு கேட்டன். இல்லையெண்டாள். பையிலை இருந்த பணிஸைக் குடுத்தன்."

"பிள்ளையைப் பற்றி?"

"அவள் ஒண்டும் சொல்லேல்லை. நானும் கேக்கேல்லை. என்ரை ரெலிபோன் நம்பரைக் குடுத்தன்."

அந்தப் பெண் என்ன முடிவெடுத்தாள் என்பது சித்திக்கு இன்றுவரை தெரியாது. அவள் ஒருபோதும் அழைக்கவில்லை. எங்கள் தொழிலில் ஒரு பயனாளியைச் சந்தித்தால் கோவை திறக்க வேண்டும், பின்தொடர வேண்டும், விளைவைப் பதிய வேண்டும். விளைவு தெரியாத வேலையை நாங்கள் வேலை என்றே கணக்கிடுவதில்லை. "இது உங்களுக்குக் கவலையாக இல்லையா?" என்று கேட்டேன். "இருக்குத்தான். அந்தக் கவலையைத்தான் ஒவ்வொரு நாளும் அவரிட்டைக் குடுக்கிறன். சில நாள் குடுத்திட்டுத் திரும்பவும் வாங்கிக்கொண்டு வந்திடுறன்" என்று சிரித்தார்.

இரண்டு கையொப்பங்கள்

திரும்பி வரும்போது பஸ்ஸின் மேல்தட்டில் இருந்துதான் சித்தி தன் கதையைச் சொன்னார்.

1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் இடம்பெயர்ந்தபோது சித்தியும் தலையில் ஒரு பெட்டியுடன் தென்மராட்சிக்கு நடந்தவர். பிறகு வன்னி, கொழும்பு, 1997இல் லண்டன். அடுத்த ஆண்டு மகள் பிறந்தாள். 2000ஆம் ஆண்டில் இரண்டாவது முறை கர்ப்பமானபோது அகதி விண்ணப்பத்திற்கு முடிவு வந்திருக்கவில்லை. ஒரே வீட்டில் மூன்று குடும்பங்கள். சித்தப்பா இரவில் பெற்றோல் நிலையத்தில் வேலை. முகவருக்குக் கொடுத்த கடன் பாதிகூட முடியவில்லை. "இப்ப வேண்டாம், பிறகு பாப்பம்" என்று சித்தப்பா சொன்னார். ஊரிலிருந்து ரெலிபோனில் மாமியாரும் அதையே சொன்னார்.

இங்கிலாந்தில் 1967ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இரண்டு வைத்தியர்கள் கையொப்பமிட வேண்டும். சித்திக்கு அப்போது ஆங்கிலம் வராது. மொழிபெயர்ப்பாளராகக் கூடப் போனவர் சித்தப்பா.

"டொக்டர் என்னைப் பாத்துத்தான் கேட்டார். நான் அவரைப் பாத்தன். அவர் இவரைப் பாத்தார். இவர் பதில் சொன்னார். நான் தலையாட்டினன். ரெண்டு கையெழுத்தும் விழுந்திட்டுது. உனக்கு விருப்பமோ எண்டு என்னை என்ரை பாசையிலை ஒருத்தரும் கேக்கேல்லை பிள்ளை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பன் எண்டும் எனக்குத் தெரியாது. ஆனால் கேக்கேல்லை."

இதைச் சொல்லும்போது அவர் அழவில்லை. யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார். பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக அவர் நற்கருணை வாங்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் பூசைக்குப் போவார். எல்லோரும் எழும்பி வரிசையில் போகும்போது, கால் நோகிறது என்று சொல்லி வாங்கிலேயே இருந்துவிடுவார். மகள்கூட அதை நம்பினாள்.

கத்தோலிக்கத் திருச்சபையின் சட்டத்தில் கருக்கலைப்பு மிகப் பாரதூரமான பாவமாகக் கொள்ளப்படுகிறது. அதற்குரிய தண்டனையை நீக்கும் அதிகாரமும் முன்னர் பொதுவாக ஆயருக்கும் அவர் அதிகாரம் வழங்கிய குருக்களுக்குமே இருந்தது. 2015 செப்ரெம்பரில் பாப்பரசர் பிரான்சிஸ், தொடங்கவிருந்த இரக்கத்தின் ஜூபிலி ஆண்டில் எல்லாக் குருக்களும் இந்தப் பாவத்திற்கு மன்னிப்பு வழங்கலாம் என அறிவித்தார். 2016 நவம்பரில் அந்த ஆண்டு முடிவடைந்தபோது, அந்த அனுமதியை மேலும் நீடித்தார். முதல் அறிவிப்பைப் பூசையில் சொன்ன நாளில்தான் சித்திக்கு ஒரு கதவு தெரிந்தது. 2016 தவக்காலத்தில் அவர் பாவசங்கீர்த்தனம் செய்தார். "சாமி பேசுவார் எண்டு பயந்துகொண்டு போனன். அவர் முதல் கேட்டது, இவ்வளவு காலமும் தனியவோ சுமந்தனீங்கள் எண்டு."

1995இல் இரண்டாம் யோவான் பவுல் எழுதிய "வாழ்வின் நற்செய்தி" என்ற சுற்றுமடலில், கருக்கலைப்புச் செய்த பெண்களை நோக்கியே ஒரு பகுதி உண்டு. அவர்களது முடிவுக்குப் பின்னால் பல நெருக்கடிகள் இருந்திருக்கலாம் என்பதை ஏற்று, நம்பிக்கை இழந்துவிட வேண்டாம் என்று அது கேட்கிறது. நோவோடு கடந்து வந்த அவர்களே வாழ்வுக்காகப் பேசக்கூடிய சாட்சிகளாகலாம் என்றும் கூறுகிறது. சித்தி அந்தச் சுற்றுமடலை வாசித்தவர் அல்லர். ஆனால் அந்த வழியால்தான் மற்றொக் லேனுக்கு வந்து சேர்ந்தார்.

வீட்டுக்குள் ஒரு எதிர்க்குரல்

சித்தியின் மகள் அப்போது தாதியியல் மாணவி. அன்றிரவு சாப்பாட்டு மேசையில் அவள் என்னிடம் நேரடியாகவே கேட்டாள்.

"அக்கா, நீங்கள் சோஷியல் வேர்க்கர். நீங்களும் போய் நிண்டனீங்களோ? கரு தானாகக் கலைஞ்சு, அதுக்குச் சிகிச்சைக்கு வாற ஆக்களும் இருப்பினம். வல்லுறவுக்கு ஆளான பிள்ளையும் வருவாள். வெளியிலை நிக்கிற ஆக்களுக்கு அது எப்பிடித் தெரியும்? அம்மா ஒண்டும் செய்யாட்டிலும், நிக்கிறதே அவளுக்கு ஒரு தீர்ப்புத்தானே?"

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஈலிங்கில் நின்ற எல்லோரும் சித்தியைப் போல் கண்களை மூடிக்கொள்பவர்கள் அல்லர். உள்ளே செல்லும் பெண்களை "அம்மா" என்று கூப்பிட்டமை, இளஞ்சிவப்பிலும் நீலத்திலும் செபமாலைகளைக் கையில் திணித்தமை, சிசுவின் உருவ மாதிரிகளைக் காட்டியமை போன்ற முறைப்பாடுகள் நகரசபைக்குக் கிடைத்திருந்தன. பல ஆண்டுகள் கழிந்த பின்னும் அந்த வாசலை நினைத்தால் நடுக்கம் வருகிறது என்று சொன்ன பெண்களும் இருந்தார்கள்.

மறுபக்கச் சாட்சியமும் உண்டு. ருமேனியாவிலிருந்து வந்த அலீனா டுல்கெரியு என்ற பெண், 2011இல் துணையின்றிக் கர்ப்பமாக அதே நிலையத்திற்குச் சென்றபோது, வெளியே நின்றவர்கள் கொடுத்த துண்டுப்பிரசுரத்தை வாங்கி, அவர்களது உதவியுடன் மகளைப் பெற்றெடுத்தார். தனக்குக் கிடைத்த அந்த உதவி மற்றப் பெண்களுக்குக் கிடைக்காமல் போகக்கூடாது என்று பின்னர் நீதிமன்றம் வரை சென்றவரும் அவரே.

சித்தி மகளுக்குப் பதில் சொல்லவில்லை. கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனார். தன் தாய் ஏன் அங்கே நிற்கிறார் என்பது அந்தப் பிள்ளைக்கு அன்று தெரியாது.

தள்ளி நிற்கச் சொன்ன சட்டம்

2018 ஏப்பிரலில் ஈலிங் நகரசபை, நிலையத்தைச் சுற்றி ஒரு பாதுகாப்பு வலயத்தை ஏற்படுத்தியது. பிரித்தானியாவில் இவ்வாறான முதலாவது வலயம் இதுவாகும். அதற்குள் நின்று கருக்கலைப்பை ஆதரித்தோ எதிர்த்தோ எந்தச் செயலிலும் ஈடுபடக்கூடாது. செபமும் அதில் அடங்கும். சற்றுத் தள்ளிக் குறிக்கப்பட்ட ஓர் இடத்தில் நால்வர் வரை மட்டும் நிற்கலாம் எனப்பட்டது. டுல்கெரியு உள்ளிட்டோர் தொடுத்த வழக்கு 2018இல் உயர் நீதிமன்றத்திலும் 2019இல் மேன்முறையீட்டு நீதிமன்றத்திலும் தோற்றது. மேலும் மேன்முறையீடு செய்ய உச்ச நீதிமன்றம் 2020இல் அனுமதி மறுத்தது.

பின்னர் இது நாடளாவிய சட்டமாகியது. 2023ஆம் ஆண்டுப் பொது ஒழுங்குச் சட்டத்தின் கீழ், 2024 ஒக்ரோபர் 31 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒவ்வொரு கருக்கலைப்பு நிலையத்தைச் சுற்றியும் 150 மீற்றர் வலயம் நடைமுறைக்கு வந்தது. ஸ்கொட்லாந்தில் அதற்கு ஒரு மாதம் முன்னதாக 200 மீற்றர் வலயம் வந்தது.

வாய் திறவாமல் மனதுக்குள் செபிப்பதும் குற்றமா என்ற கேள்வியும் எழுந்தது. 2022 டிசெம்பரில் பேர்மிங்ஹாமில் இசபெல் வோன்-ஸ்ப்ரூஸ் என்ற பெண் மூடியிருந்த ஒரு நிலையத்தின் அருகே மௌனமாகச் செபித்தமைக்காகக் கைது செய்யப்பட்டு, 2023 பெப்ரவரியில் விடுவிக்கப்பட்டார். போர்ன்மத் நகரில் அடம் ஸ்மித்-கொனர் என்ற முன்னாள் இராணுவ வீரருக்கு அவ்வாறு விடுதலை கிடைக்கவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் கருக்கலைப்பில் இழந்த தன் மகனுக்காகத் தலைகுனிந்து நின்றதாக அவர் சொன்னார். 2024 ஒக்ரோபரில் அவர் குற்றவாளியாகக் காணப்பட்டு, இரண்டு ஆண்டு நிபந்தனையுடன் விடுவிக்கப்பட்டதுடன் 9,000 பவுண் வழக்குச் செலவும் செலுத்துமாறு பணிக்கப்பட்டார்.

வேதாகமத்தில் அன்னாளின் கதையை நீங்கள் அறிந்திருப்பீர்கள். பிள்ளையில்லாத துயரத்தில் அவள் ஆலயத்தில் உதடு மட்டும் அசையச் செபித்தபோது, குடித்திருக்கிறாள் என்று குரு ஏலி தப்பாக எண்ணினார். மனதுக்குள் நடப்பதை வெளியே நின்று அளப்பது எப்போதும் சிக்கலானதுதான். அது செபிப்பவருக்கு மட்டுமல்ல, அந்த வாசலுக்குள் நுழையும் பெண்ணுக்கும் பொருந்தும் என்பதை நாம் மறக்கக்கூடாது.

இடம் பறிபோன பிறகு

2018இல் சட்டம் வந்த செய்தியைச் சித்தி ரெலிபோனில் சொன்னபோது நான் அவரைத் தேற்ற முயன்றேன். "எனக்கு இடம்பெயரிறது புதிசே?" என்று கேட்டார். ஆனாலும் அன்று அவர் உடைந்துதான் போயிருந்தார். குறிக்கப்பட்ட இடத்தில் இரண்டு மூன்று தடவை நின்றார். பிறகு போகவில்லை. "கடவுள்தான் என்னை அங்கை கொண்டுபோய் விட்டவர் எண்டு நினைச்சன். பிறகேன் கலைச்சவர்?" என்று அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

இங்கேதான் நம்பிக்கை என்பதைப் பற்றி நான் சித்தியிடம் கற்றுக்கொண்டேன். நாம் பெரும்பாலும் கடவுளை நம்புகிறோம் என்று சொல்லும்போது, நாம் கேட்பதை அவர் தருவார் என்றே கருதுகிறோம். கேட்டது கிடைக்காவிட்டால் நேர்த்தி பலிக்கவில்லை என்கிறோம். சித்தி வேறு விதமாக யோசித்தார். சிலுவையடியில் மாதாவும் மற்றப் பெண்களும் நின்றார்கள். அவர்கள் நின்றதால் ஆணி ஒன்றும் கழரவில்லை. ஆனாலும் நின்றார்கள். பலனைத் தன் கையில் வைத்துக்கொள்ளாமல், தன்னால் ஆனதைச் செய்துவிட்டு மிகுதியை விட்டுவிடுவதே நம்பிக்கை என்பதை அவர் அந்த மாதங்களில் கண்டார். அது ஒரே நாளில் வரவில்லை. கோபமும் அழுகையும் முடிந்துதான் வந்தது.

அதே காலத்தில்தான் அவர் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னார். வலயம் வேண்டும் என்று நகரசபைக்கு எழுதியவர்களில் தானும் ஒருத்தி என்று மகள் ஒரு நாள் சொன்னபோது, சித்தியும் தன் 2000ஆம் ஆண்டைச் சொல்லிவிட்டார். அந்தப் பிள்ளை நீண்ட நேரம் பேசாமல் இருந்ததாம். பிறகு கேட்டது ஒரே ஒரு கேள்வி. "அப்பாதானோ மொழிபெயர்த்தவர்?"

அவள் தன் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. வலயம் தேவை என்பதே இன்றும் அவள் நிலைப்பாடு. சித்தியும் மாறவில்லை. கருவில் இருப்பது பிள்ளைதான் என்பதும், அதற்காகச் செபிக்க வேண்டும் என்பதும் அவர் விசுவாசம். ஆனால் இருவரும் ஒரு விடயத்தில் ஒன்றுபட்டார்கள். ஒரு பெண்ணைத் தனியாக இருத்தி, அவளது மொழியில், அவளது குடும்பத்தவர் அருகில் இல்லாமல் கேட்க வேண்டும் என்பதே அது.

அதன் பிறகு சித்தி ஆங்கில வகுப்புக்குப் போனார். இப்போது பங்கிலே தாய்மாருக்கான உதவிக் குழுவில் தொண்டராக இருக்கிறார். தமிழ்க் கர்ப்பிணிப் பெண்களோடு வைத்தியரிடம் போகிறார், பாரங்களை நிரப்பிக் கொடுக்கிறார், பிள்ளைத் தொட்டிலும் உடுப்பும் தேடிக் கொடுக்கிறார். வைத்தியர் கேட்பதை அப்படியே தமிழில் கேட்டு, பெண் சொல்வதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்கிறார். தன் கருத்தைக் கலப்பதில்லை. "அது எனக்குச் சரியான கஸ்டம். ஆனால் அவளின்ரை வாயை நான் எடுக்கக்கூடாது" என்கிறார். சனிக்கிழமைக் காலைகளில் ஈலிங் மடாலயக் கோயிலில் அதே ஒரு மணித்தியாலம் இருந்து செபமாலை சொல்கிறார். கண்ணை மூடினால் அதே வாசல் தெரிகிறதாம்.

எங்கள் பக்கம்

இலங்கையில் நிலைமை வேறு. இங்கே 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவின்படி, தாயின் உயிரைக் காப்பாற்றும் நோக்கம் தவிர்ந்த கருக்கலைப்பு குற்றமாகும். மூன்று ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். சிசு அசையத் தொடங்கிய பின்னர் எனில் ஏழு ஆண்டுகள் வரை. தன் கருவைத் தானே கலைக்கும் பெண்ணும் இதில் அடங்குவாள். இதில் தளர்வு செய்ய 1995இலும் 2017இலும் எடுக்கப்பட்ட முயற்சிகள் நிறைவேறவில்லை. எங்கள் நாட்டில் நிலையத்தின் முன்னால் நின்று செபிக்க ஒரு வாசலும் இல்லை. ஆனால் வாசல் இல்லை என்பதற்காக அந்தப் பெண்கள் இல்லை என்று ஆகிவிடாது. இரகசியமாக விற்கப்படும் குளிசைகளையும், பெயர்ப்பலகையில்லாத வீடுகளையும் தேடிப் போய், இரத்தப்போக்கோடு வைத்தியசாலைக்கு வரும் பெண்களை எங்கள் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் அறிவார்கள்.

அவர்களோடு கதைக்கும்போது நான் கவனித்த ஒன்றை இங்கே குறிப்பிட வேண்டும். "எனக்கு வேண்டாம்" என்று தொடங்குபவர்கள் குறைவு. "வீட்டிலை வேண்டாமாம்", "அவர் ஏற்கமாட்டார்", "சனம் என்ன சொல்லும்" என்றுதான் அதிகமானோர் தொடங்குகிறார்கள். ஆகவே உயிரைக் காக்க வேண்டும் என்று செபிக்கும் எவரும், அந்தச் "சனம்" நாமாக இருக்கிறோமா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். கலியாணமாகாமல் கர்ப்பமான பிள்ளையைப் படிக்கட்டிலேயே நிறுத்துகிற குடும்பமும், மூன்றாவதும் பெண் என்றால் முகம் சுளிக்கிற மாமியாரும், ஞானஸ்நானத்துக்குத் தகப்பன் பெயர் கேட்டுக் குத்திக்காட்டுகிற அயலும் இருக்கும்வரை, செபமாலை மட்டும் போதாது. இதைச் சித்தியிடம் சொன்னேன். "செபம் செய்தால்தான் பிள்ளை அது விளங்கும்" என்றார். அவர் சொன்னதும் சரிதான். அந்த வாசலில் நின்றிராவிட்டால் அவர் மொழிபெயர்ப்பாளராகி இருக்கமாட்டார்.

வாசக சகோதரிகளே, உங்கள் வீட்டிலோ அயலிலோ ஒரு பெண் இப்படியொரு நெருக்கடியில் இருக்கிறாள் என்று தெரிந்தால், முதலில் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சாப்பிட்டாளா என்று கேளுங்கள். பிறகு அவள் என்ன நினைக்கிறாள் என்று கேளுங்கள். பதிலை நீங்கள் சொல்லாதீர்கள். உங்கள் பகுதிக் குடும்பநல மருத்துவமாதுவிடமோ, பிரதேச செயலகத்தின் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரிடமோ அவளைக் கூட்டிக்கொண்டு போங்கள். வன்முறையோ மிரட்டலோ இருந்தால் 1938 என்ற மகளிர் உதவி இலக்கத்திற்கு அழைக்கலாம். முன்பு நடந்து முடிந்த ஒன்றைச் சுமந்துகொண்டிருப்பவளாயின், அவளைத் தீர்ப்பிடாமல் கேளுங்கள். அவள் கத்தோலிக்கப் பெண் எனில், எந்தக் குருவானவரிடமும் போகலாம், கதவு திறந்தே இருக்கிறது என்று சொல்லுங்கள்.

சென்ற தவக்காலத்தில் சித்தியோடு கதைத்தபோது, பஸ் கேட்ட அந்தப் பெண்ணை இன்னும் நினைப்பீர்களா என்று கேட்டேன். "ஒவ்வொரு சனியும்" என்றார். பிள்ளை பிறந்திருந்தால் இப்போது பள்ளிக்கூடம் போகுமாம். பிறக்காவிட்டாலும் அவளுக்காக ஒரு பத்து மணி சொல்லுவாராம். ரெலிபோன் இலக்கத்தை மட்டும் இன்னும் மாற்றவில்லை.